வலைக்குள் வந்த தாய்மாமன் சீர்

சிங்கவரம் பச்சமுத்துவுக்குத் திறந்து கிடக்கிற சுமையைப் பார்த்தால் கை பரபரக்கும். செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு நிற்கும் பிக்கப் வண்டிகளில், வெறும் வண்டிக்கே தார்ப்பாய் போட்டு வைக்கிற ஆள் அவர் ஒருவர்தான். மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்கிற நிலக்கடலை மூட்டையோ கல்யாண வீட்டு நாற்காலியோ, ஏற்றியதும் தார்ப்பாயை இழுத்துப் போர்த்தி, கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, கடைசி முடிச்சை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் ஏறி உட்காருவார். பதினான்கு வருஷத்தில் அவர் வண்டியிலிருந்து ஒரு மல்லாட்டைகூடக் கீழே விழுந்ததில்லை. இட்லி சாப்பிடும்போதுகூட ஒரு கையால் இலையை மூடிக்கொள்வார் என்று மற்ற ஓட்டுநர்கள் சொல்வார்கள். அது பொய். இட்லிக்கு மூட மாட்டார், வடைக்கு மட்டும்தான்.

இந்தப் பழக்கம்தான் அவருடைய அக்காவின் வாயையும் மூடியது.

மூன்று வருஷத்துக்கு முன்பு, பனமலையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அக்கா ராஜம்மாளின் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீரைப் பச்சமுத்து தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனார். கார்த்திகை மாசம், மேலே மேகம். கை சும்மா இருக்குமா? தார்ப்பாயைப் போட்டு இறுக்கிவிட்டார். ஊருக்குள் நுழைந்தபோது தெருவே வாசலுக்கு வந்து நின்றது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு நீலத் தார்ப்பாயும் அதன்மேல் போன வாரத்துச் சிமெண்டுத் தூளும்தான்.

"தாய்மாமன் இன்னா கொண்ணாந்துகிறான்?" என்று யாரோ கேட்டார்கள்.

"சிமெண்டு மூட்டையாட்டம் இருக்குது. காதையும் குத்திட்டு, அப்படியே கொத்து வேலையும் பாத்துட்டுப் போவான்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. தெரு சிரித்தது.

முடிச்சுகளை அவிழ்ப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பார்க்க வந்தவர்கள் வீட்டுக்குள் ஓடிவிட்டார்கள். பட்டும் பித்தளையும் வெள்ளி அரைஞாணும் ஒருவர் கண்ணிலும் படாமல் உள்ளே போயின. "ஊரு பாக்காத சீரு எதுக்குடா? கூரியர்ல அனுப்பிட்டு இருக்கலாமே" என்றார் ராஜம்மாள். தம்பியிடம் அவர் பேசிய கடைசி வார்த்தை அதுதான். அதற்கப்புறம் பச்சமுத்து பொங்கலுக்குப் போய் நின்றாலும், புருஷனைப் பார்த்துத்தான் பேச்சு. "அந்த வண்டிக்காரரு சாப்புடுவாரான்னு கேளு."

இந்தச் சித்திரையில் ராஜம்மாளின் மகள் இலக்கியா வயதுக்கு வந்தாள். மஞ்சள் நீராட்டுக்கு நாள் குறித்த செய்தியை அக்கா புருஷன் கன்னியப்பன்தான் ஃபோனில் சொன்னார்.

"ஒங்க அக்கா ஒண்ணும் சொல்லச் சொல்லல மாப்ள, நானா சொல்றன். இந்த வாட்டியும் மூடிக்கினு வந்தன்னு வை, அவ ஜென்மத்துக்கும் ஒங்கிட்ட வாயத் தொறக்க மாட்டா."

மூடவும் கூடாது, விழவும் கூடாது. பச்சமுத்துவுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் விழுப்புரத்தில் ஒரு உதிரிபாகக் கடை வாசலில் அது தொங்குவதைப் பார்த்தார். ரப்பர் கயிற்றில் பின்னிய கறுப்பு வலை, ஓரமெல்லாம் கொக்கி. இழுத்தால் வண்டி அகலத்துக்கு வந்தது, விட்டால் மடிக்குள் அடங்கியது. அடியில் இருக்கிற சாமான் அத்தனையும் பளிச்சென்று தெரியும்.

ஸ்டாண்டில் அதை விரித்ததும், வேன் ஓட்டும் விநாயகம் முதல் ஆளாக வந்து சேர்ந்தான்.

"இன்னா பச்ச அண்ணே, ஏரியக் குத்தகைக்கு எடுத்துட்டியா?"

"சும்மா இர்றா. இது லோடுக்கு."

"ஏன், லோடு நீந்தி ஓடிப்பூடுமா?"

பதில் சொல்ல வாயைத் திறந்த நேரம் பார்த்துக் கொக்கி நழுவி, வலை சுருங்கி வந்து அவர் உதட்டில் அறைந்தது. இரண்டு நாள் டீயை ஓரவாயால் குடித்தார். அப்புறம் சூட்சுமம் பிடிபட்டது. ஒரு பக்கத்துக் கொக்கிகளை முதலில் மாட்டிவிட்டு, எதிர்மூலைக்கு இழுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்ட வேண்டும். மூட்டையை வைத்துப் பார்த்தார். குடத்தை வைத்துப் பார்த்தார். மனைவி ரஞ்சிதத்தையே வலைக்குள் உட்காரச் சொல்லிப் பார்த்தார். "நான் இன்னா சந்தைக்குப் போற கோழியா?" என்று கேட்டுவிட்டு ரஞ்சிதம் உள்ளே போய்விட்டார். செஞ்சியில் இருக்கிற வேகத்தடை ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கிச் சோதித்தாயிற்று. எதுவும் அசையவில்லை. எலுமிச்சம்பழத்தை மட்டும் அவர் வைத்துப் பார்க்கவில்லை.

விசேஷத்தன்று காலையில் சீருக்கு வாங்கிய பீரோவை வண்டியில் படுக்க வைத்து, அதன்மேல் ஐம்பத்தொரு சீர்த்தட்டுகளையும் பரப்பினார்கள். பட்டுப்புடவை, வளையல், பழம், பலகாரம், சாக்லேட்டில் செய்த மயில். கடைசித் தட்டில் நூற்றியொரு எலுமிச்சம்பழம். ரஞ்சிதம் ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தார். மற்ற தட்டுகளுக்குக் கண்ணாடித்தாள் சுற்றினார்கள், எலுமிச்சைக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே வலை. மாட்டி முடித்த பிறகும் பச்சமுத்துவின் கை பழக்கதோஷத்தில் தார்ப்பாயைத் தேடியது. ரஞ்சிதம் அதைப் பிடுங்கித் தன்னோடு வேனுக்கு எடுத்துப் போய்விட்டார்.

பிக்கப் முன்னால் போனது. தட்டு தூக்க வேண்டிய பெண்களோடு விநாயகத்தின் வேன் பின்னால் வந்தது. நல்ல நேரம் முடிகிற பத்தரைக்குள் சீர் வாசலில் இறங்கியாக வேண்டும்.

அனந்தபுரம் தாண்டிக் கண்ணாடியில் பார்த்தபோது வேனைக் காணோம். பனமலை ஏரிக்கரையில் பம்பைக்காரர்களும் கன்னியப்பனும் காத்திருந்த இடத்தில் வண்டியை நிறுத்தியபோதும் காணோம். ஃபோன் அடித்தது.

"வேனு நின்னுபோச்சிங்க" என்றார் ரஞ்சிதம்.

"டீசலா?"

"எலுமிச்சம்பழம்."

"இன்னாது?"

"ரோடு பூரா எலுமிச்சம்பழம் கெடக்குதுங்க, குங்குமப் பொட்டோட. எவனோ செய்வினை வெச்சிருக்கான், ஏத்துனா ரத்தம் கக்கிச் சாவோம்னு விநாயகம் எறங்கி நின்னுகினான். எதுக்க வந்த டிராக்டரும் நிக்குது."

பச்சமுத்து பின்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தார். கடைசித் தட்டில் மூன்றே மூன்று பழம் உட்கார்ந்திருந்தது. வலையின் ஒவ்வொரு கண்ணும் ஒரு எலுமிச்சம்பழம் தாராளமாகப் போகிற அகலம்.

"அடியே, அது நம்ம பழம்!"

"அதத்தான் நானும் சொல்றன். பொட்டு வெச்சது நான்தான்னு எப்போ சொன்னனோ, அப்போலேருந்து என்னையும் ஒரு மாதிரி பாக்குறாங்க. ஒருத்தியும் பழத்துல கை வெக்க மாட்டன்றா. நான் ஒண்டியா பொறுக்கிகினு வரன்."

மணி பத்து. கன்னியப்பனுக்கு வேர்த்து ஊற்றியது. "பொம்பளைங்க இல்லாம தட்டை யாரு மாப்ள தூக்கறது?"

பச்சமுத்து வண்டியைப் பார்த்தார், வலையைப் பார்த்தார். "வண்டியே தூக்கும் மாமா. பம்பைய அடிக்கச் சொல்லுங்க."

பம்பைக்காரர்கள் முன்னால் நடக்க, முதல் கியரில் வண்டி நடுத்தெருவுக்குள் நுழைந்தது. தெரு மறுபடியும் வாசலுக்கு வந்தது. பெண்கள் தலையில் தூக்கிப் போனால் தட்டில் இருப்பது அண்ணாந்தாலும் தெரியாது. இங்கே ஐம்பத்தொன்றும் கண் மட்டத்தில் ஊர்ந்து போயின. ஒவ்வொரு வாசலிலும் எண்ணிச் சரிபார்த்தே அனுப்பினார்கள். வலை அழுத்தியதில் சாக்லேட் மயிலின் கழுத்து சாய்ந்திருந்தது. "மயிலு தூங்குதுடி" என்று பிள்ளைகள் கூடவே ஓடி வந்தார்கள்.

"இந்த வாட்டி வலை போட்டுப் புடிச்சாந்துகிறான்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. ஆனால் சொல்லிவிட்டு, பட்டுப்புடவையின் கரையைப் பார்க்க வண்டிக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள்.

ராஜம்மாள் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றிருந்தார். தம்பியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். உதடு முணுமுணுத்தது, சத்தம் வரவில்லை. பச்சமுத்து இதுவும் போச்சு என்று நினைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பி, முதல் கொக்கியில் கையை வைத்தார்.

"கழட்டாதடா."

யார் சொன்னது என்று புரியாமல் திரும்பினார்.

"ஒன்னத்தான். கழட்டாத. மேலத்தெரு இன்னும் பாக்கல."

"அக்கா, மணி பத்தே கால் ஆவுதுக்கா."

"பத்தரைக்கு இன்னும் நேரம் கெடக்குது. எட்றா வண்டிய." ஆரத்தித் தட்டோடு ராஜம்மாள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்துவதற்குள் ஆரம்பித்துவிட்டார். "ஆமா, அந்தக் கடைசித் தட்டுல இன்னாடா மூணு எலுமிச்சம்பழம்? நூறு பொம்பள வந்துகிறா, ஆளுக்கு ஒரு சொளையா குடுக்கறது? மயிலு கழுத்த எதுக்குடா முறிச்ச? உதட்ல இன்னாடா வடு?" மூன்று வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. பச்சமுத்து கியரை மாற்றாமல், தேர் போல ஓட்டினார்.

மேலத்தெரு முனையில் வேன் எதிரே வந்து நின்றது. ரஞ்சிதத்தின் மடியில் அந்த நீலத் தார்ப்பாய், இறுக்கி முடிந்த மூட்டையாக. ராஜம்மாள் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"இன்னா ரஞ்சிதம் அது?"

"எலுமிச்சம்பழம் அண்ணி. எல்லாம் பொறுக்கியாச்சி."

"அவுத்துத் தொறந்து புடி. ஊரு பாக்கட்டும்."

மேலத்தெரு முடிந்ததும் பச்சமுத்து மெல்லக் கேட்டார். "அக்கா, கீழத்தெரு?"

"பின்ன?" என்றார் ராஜம்மாள்.