குனிவதற்குக் கட்டாத துணி

ஒரு துணிக்காக நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தவன் என்று கன்னியாகுமரிப் பக்கம் எங்கள் ஊரான கொட்டாரத்தில் என்னைச் சொல்கிறார்கள். பஸ் நிறுத்தத்திலும் கேட்கிறார்கள், கல்யாணப் பந்தியிலும் கேட்கிறார்கள். நாலு பேர் என்னைப் பார்த்தால் எனக்கு வாய் உலர்ந்துவிடும். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். பத்தாம் வகுப்புவரை படித்த தமிழ் கையில் இருக்கிறது. அதில் எழுதிவிடுகிறேன். ஆமாம், ஒரு துணிக்காகத்தான் வந்தேன்.

வேலை சென்னை நுங்கம்பாக்கத்தில். கோட்டையில் உத்தியோகம் பார்த்த வெள்ளைக்காரர்கள் மரமும் காற்றும் தேடி வந்து பெரிய பெரிய தோட்ட வீடுகளைக் கட்டிக்கொண்ட பகுதி அது. பாதியை இடித்து அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். மிஞ்சிய சிலவற்றில் எங்கள் பங்களாவும் ஒன்று. தெருவில் தூங்குமூஞ்சி மரங்கள் மேலே கிளை கோத்துக்கொண்டு நிற்கும். உள்ளே குதிரை வண்டி வந்து நின்று அப்படியே திரும்பிப் போக அரைவட்டப் பாதை, அதன் நடுவே உருண்டைத் தூண்கள் வைத்த முகப்பு. சுண்ணாம்புச் சுவர் முட்டை ஓடு போல வழவழப்பாக இருக்கும். விடியற்காலையில் அந்த மரச்சன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வருவது எனக்குப் பிடித்த வேலை. அந்த இடத்தை நான் வெறுத்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆனால் அரைவட்டப் பாதை எங்களுக்கு இல்லை. வேலைக்காரர்கள் பின் சந்தில் சமையலறையை ஒட்டிய சின்னக் கதவு வழியாகத்தான் வருவோம், போவோம். அப்படி யாரும் எழுதி ஒட்டவில்லை. வந்த அன்றே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

குடும்பம் ஒன்று வாழ்ந்த வீடாக இருந்தபோது நான் அங்கே காவலாள். பிறகு அவர்கள் அதை ஓட்டல் நடத்துகிற ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார்கள். கம்பெனி என்னையும் சமையல்காரரையும் வைத்துக்கொண்டது. சமையல்காரர் மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரைக்காரர், என்னைவிட மூத்தவர், கழுத்தில் எப்போதும் ஜெபமாலை. பின்கட்டில் இருவருக்கும் ஒரே அறை. ஞாயிற்றுக்கிழமை அவர் பூசைக்குப் போவார். நான் குளித்து, நெற்றியில் நாமம் இட்டு, சவரக் கண்ணாடிக்கு முன்னால் விளக்கேற்றித் தலைப்பாகை கட்டிக்கொண்டு நிற்பேன்.

நாங்கள் அய்யாவழிக்காரர்கள். எங்கள் கோயிலைப் பதி என்போம், அதில் சிலை கிடையாது. விளக்கும் கண்ணாடியும்தான். ஆண்கள் தலைப்பாகையோடுதான் கும்பிடுவோம். ராஜா காலத்தில் எங்கள் ஆட்கள் தலையில் துணி கட்டக் கூடாது. மேல்சாதிக்காரர்கள் எதிரே வந்தால் தோளில் கிடக்கும் துண்டும் இடுப்புக்கு இறங்க வேண்டும். அந்தத் துண்டைத் தலையில் ஏற்றிக் கட்டச் சொன்னவர் எங்களுக்கு இந்த வழியைக் காட்டிய அய்யா. அதைக் கட்டிக்கொண்டு நாங்கள் வேறு யாரையும் பார்த்து நிற்பதில்லை. கண்ணாடியில் தெரிவது எங்கள் முகம்தான்.

ஓட்டல் திறப்பதற்குச் சில நாள் முன்பு உடுப்பு வந்தது. சிவப்புக் கோட்டு, இடுப்புக்குச் சரிகைப் பட்டை, விசிறி வைத்த பெரிய தலைப்பாகை. மேலாளர் என் மகன் வயதுள்ளவர்.

"பழைய மெட்ராஸ் மாதிரி இருக்கணும்ணா. கார் வந்து நின்னதும் நீங்க கதவைத் திறக்கணும். அப்படியே குனிஞ்சு ஒரு சலாம். அவ்ளோதான்."

சமையல்காரர் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். "ஏலே மக்கா, சீட்டுக்கட்டுல இருக்கிய ராசா மாரி ஆக்கிட்டானுவளே உன்ன!"

கோட்டைப் போட்டுக்கொண்டேன். தலைப்பாகை சின்னதாக இருக்கிறது என்று சொன்னேன். வேறு சொல்லத் தைரியம் இல்லை. மறுநாள் பெரிதாக ஒன்று வந்தது. தலைவலி என்றேன். மாத்திரை வந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் பேசினேன். மகள் நாகர்கோவிலில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். வேலை போனால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"விடச் சொல்லி நான் சொல்லமாட்டேன். இரின்னும் சொல்லமாட்டேன். அங்க அதக் கெட்டிக்கிட்டு சலாம் போட்டுட்டு, திருநாளுக்கு இங்க வந்து அதே தலையில இதக் கெட்டுவியளா? அத மட்டும் யோசிங்க."

யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. சொல்வதற்கு வாய்தான் வேண்டியிருந்தது. என் வாயைப் பற்றித் தெரிந்த சமையல்காரர் எனக்கு முன்னாலேயே மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லிவிட்டார். நல்ல மனசோடுதான் சொன்னார். திறப்பு நாள் காலையில் மேலாளர் முகமெல்லாம் சிரிப்பாக என்னைக் கூப்பிட்டார்.

"ஏண்ணா, உங்ககிட்டயே சொந்தமா ஒண்ணு இருக்காமே! சொல்லவே இல்ல? அந்தச் சிவப்பு வேணாம், உங்களதையே கட்டுங்க. நெத்தியில அந்த வெள்ளை நாமமும் போட்டுக்கோங்க. ஒரிஜினல்ணா! வர்றவங்க போட்டோ எடுத்துத் தள்ளிடுவாங்க."

பக்கத்தில் சமையல்காரருக்கு முகம் செத்துப்போனது. ஆனால் எனக்கு வாய் உலரவில்லை. அது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

"அது குனியதுக்குக் கெட்டுறது இல்ல சார். குனியாம நிக்கியதுக்குக் கெட்டுறதாக்கும்."

"நீங்க பேசுறது பாட்டு மாதிரியே இருக்குண்ணா. கோவமே வர மாட்டேங்குது." சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "வெறும் துணிண்ணா அது."

"வெறும் துணின்னா நீங்க கெட்டுங்க சார்."

அவர் சிரிப்பு நின்றது. "அப்போ நான் வேற ஆள் பார்க்கட்டுமா?"

"பாருங்க."

கோட்டை மடித்து மேசையில் வைத்தேன். அறையில் என் பொருள் அதிகம் இல்லை. ஒரு பை, ஒரு பெட்டி, ஒரு பிளாஸ்டிக் வாளி. சவரக் கண்ணாடியைச் சுவரிலிருந்து எடுத்தபோது அதில் என்னைப் பார்த்தேன். பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்துக் கட்டினேன். கும்பிடும் நேரத்துக்கும் திருநாள் ஊர்வலத்துக்கும் வெளியே அதை நான் கட்டியதே இல்லை.

சமையல்காரர் வாளியைத் தூக்கிக்கொண்டார். பின்கதவுப் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, அங்க இல்ல. முன்னால."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏசுவே! செரி, நட. இந்த வாளியும் இன்னைக்கி பெரிய வாசல் காணட்டு."

முகப்பு வழியாக இறங்கி அரைவட்டப் பாதையில் நடந்தோம். எதிரே ஒரு பெரிய கார் உள்ளே திரும்பியது. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். ஊரில் சைக்கிள் மணி கேட்டாலே வரப்பில் இறங்கிவிடுகிறவன் நான். அன்றைக்கு இறங்கவில்லை. பாதையின் நடுவில், என் வேகத்தில், நடந்தேன். கார் நின்று, கொஞ்சம் பின்னால் போய், ஒதுங்கிக் காத்திருந்தது.

கேட்டுக்கு வந்ததும் திரும்பிப் பார்த்தேன். கதவு திறக்க ஆள் இல்லாததால் மேலாளரே ஓடி வந்து காரைத் திறந்து குனிந்துகொண்டிருந்தார்.

"பாத்தியா?" என்றார் சமையல்காரர். "அவனுக்கு நல்லாவே வருது."

இப்போது கொட்டாரத்தில் ஒரு அரிசிக் கடையில் நிற்கிறேன். மூட்டை தூக்கும்போது தலையில் சும்மாடு வைப்பேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மகள் படிப்பு நிற்கவில்லை. மனைவி கூடுதலாகத் தையல் எடுத்துக்கொண்டாள், சமாளித்தோம். சமையல்காரர் போன் பண்ணும்போதெல்லாம் முன்வாசலில் இப்போது நிற்கிறவரைப் பற்றிச் சொல்வார். அவர் வடக்கே எங்கிருந்தோ வந்தவராம். அவர் ஊரில் அந்த மாதிரித் தலைப்பாகையைக் கல்யாணத்துக்குக் கட்டுவார்களாம். அவர்மேல் எனக்கு ஒரு வார்த்தையும் இல்லை. அவர் துணி, அவர் தலை.

ஞாயிற்றுக்கிழமை பதிக்குப் போகும்போது, துணிக்காக வேலையை விட்டவன் போகிறான் என்று தேநீர்க் கடையில் யாராவது சொல்வது காதில் விழும். முன்பெல்லாம் தலையைத் தாழ்த்திக்கொண்டு நடப்பேன். இப்போது நிமிர்ந்து அவர்களைப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.