கீறல் விழாத பந்தயக் கார்

கார் பட்டறை வைத்திருப்பவனுக்கு இரண்டு ரிப்பேர் தெரிந்திருக்க வேண்டும்: ஒன்று காருக்கு, இன்னொன்று காரைப் பற்றி வாடிக்கையாளர் வீட்டிலிருந்தே முடிவு செய்துகொண்டு வரும் கருத்துக்கு. முதலாவதற்கு ஸ்பேனர் கிடைக்கும். இரண்டாவதற்கு இன்றுவரை எந்தக் கடையிலும் கருவி வந்து சேரவில்லை.

மலாக்காவில் காஜா பெராங் சாலையோரம், மலாயா சுதந்திரத்துக்குச் சற்று முன்னும் பின்னுமாக நான் பட்டறை நடத்திய காலம். என்னோடு வேலை செய்தவன் குப்புசாமி. எங்களுக்கு ஒரே ஒரு பெருமை இருந்தது. பந்தயக்காரர் நடேசனின் பச்சைக் கார் எங்கள் பட்டறையில்தான் நிற்கும். அவர் பக்கத்துச் செட்டிக் கம்பத்துக்காரர்; பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய்க்காரரோடு கலந்துவிட்ட தமிழர்கள் வாழும் கிராமம் அது. பெயரும் பிள்ளையாரும் திருநீறும் நம்முடையவை. வாயைத் திறந்தால் மலாய். ஜொகூர், சிங்கப்பூர் என்று ஊர்ச் சாலைகளை அடைத்துப் பந்தயம் விட்ட நாட்கள் அவை. ஓரத்தில் அடுக்கிய மணல் மூட்டைதான் பாதுகாப்பு. அந்த மூட்டைகளுக்கு நடுவே அவர் கார் வளைந்து போவதைப் பார்த்தவன் நான். அவர் போய்ச் சேர்ந்த பிறகு, பார்க்காதவர்கள் எல்லாரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பட்டறை வைத்து நொந்தவர்களே, உங்களிடம்தான் இதைச் சொல்லி ஆற முடியும்.

புக்கிட் பாருவுக்கு ஒரு சவாரி

துணிக்கடை ரத்தினம் என் நிரந்தர வாடிக்கையாளர். காரைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது, ஒழுங்காக ஓட்டுவதைத் தவிர. நடேசன் காரில் ஒரு தடவையாவது ஏறிவிட வேண்டும் என்று என்னை நச்சரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை புக்கிட் பாரு வரைக்கும் ஏற்பாடு செய்துகொண்டார். தலைமுடி பறக்குமே என்று துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பற்களையும் கடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

நடேசனோ ஊருக்குள் ஓட்டினால் சவ ஊர்வலம் தோற்றுப்போகும். சந்தியில் நிற்பார், கோழி குறுக்கே போனால் நிற்பார், யாராவது கை காட்டிவிட்டால் நின்று நலம் விசாரிப்பார். ரப்பர்க் கித்தா ஏற்றிய மாட்டு வண்டி ஒன்றின் பின்னாலேயே பாதி தூரம் போனாராம். வேகமாகப் போக வேண்டிய இடத்தில் போனால் போதும் என்பது அவர் கொள்கை. ரத்தினம் இறங்கி வந்து துண்டை அவிழ்த்து உதறியபடி சொன்னார்: "இவரா பந்தயக்காரரு? மாடு சாணி போடுறவரைக்கும் பின்னால நின்னு பாத்துட்டு வரோம்லா!"

மாலை மரியாதை

பந்தயத்துக்குப் புறப்படும் முன்பு காரை துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோவிலுக்குக் கொண்டுபோவது வழக்கம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், முகப்பில் சந்தனம், குங்குமம். அதுவரைக்கும் இன்ஜினுக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒரு வருஷம் நடேசனின் சித்தி குடும்பம், அத்தை குடும்பம், சம்பந்தி குடும்பம் என்று ஆளுக்கொரு மாலையோடு வந்துவிட்டார்கள். மூன்றும் ரேடியேட்டர் முகப்பில் தொங்கின. காற்று போக ஒரு விரல் இடம் இல்லை.

நான் கழற்றப் போனேன். சாமிக்குச் சாத்தி எடுத்த மாலையைக் கிரீஸ் கையால் தொடுவதா என்று மூன்று குடும்பமும் ஒன்றாகச் சேர்ந்து என்னைக் கடித்தது. அதற்கு முன்னும் பின்னும் அந்தக் குடும்பங்கள் எதிலும் ஒன்றாகச் சேர்ந்து நான் பார்த்ததில்லை. சரி, அவர்களே கழற்றட்டும் என்றால், யார் மாலையை முதலில் எடுப்பது என்று வழக்கு. நடேசன் பெரியவர்களை எதிர்த்துப் பேசமாட்டார். மாலையோடேயே பந்தயத்தில் இறங்கினார். இரண்டாவது சுற்றிலேயே ரேடியேட்டர் கொதித்து, அவிந்த பூ வாசத்தோடு கார் ஓரமாக நின்றுவிட்டது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். அவருடைய அத்தை பக்கத்தில் வந்து, மலாயில், மனம் நிறைந்து சொன்னார்: "பாத்தியா வேலு, பூ இருந்ததாலதான் காடி நின்னுச்சு. இல்லாட்டி எங்கேயாவது போய் மோதியிருக்கும்."

துரைக்கும் கொஞ்சம் சாம்பல்

அடுத்த பந்தயத்துக்கு மாலைகள் பின்பக்கம் போயின. நடேசன் ஜெயித்தார். அதுவும் ஒரு தோட்டத்துத் துரையின் புத்தம்புதுக் காரைக் கடைசி வளைவில் முந்தி ஜெயித்தார். கொடி மாறப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம். தோற்றுப் பழகுவதற்குத் துரைமார்களுக்கு அது நல்ல வாய்ப்பு.

அந்தத் துரை அடுத்த வாரமே என் பட்டறைக்கு வந்தார். தோட்டத்தில் கற்ற தமிழ்; மரியாதை சேராத தமிழ். நடேசன் காரின் மூடியைத் திறக்கச் சொல்லி உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். கார்புரேட்டரைத் தடவினார், குழாய்களைத் தட்டினார். எல்லாம் அவர் காரில் இருப்பதைவிடப் பழசு. அந்த வளைவில் நடேசன் எப்போது பிரேக்கை மிதித்தார், எப்போது விட்டார் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் இன்ஜின் மேல் குப்புசாமி பூசியிருந்த திருநீறு கண்ணில் பட்டது. முகம் மலர்ந்துவிட்டது. "ஏ வேலு, இதானா மருந்து? அந்தச் சாம்பல் நம்ம காடிக்கும் பூசு," என்றார்.

சத்தம் மட்டும் போதும்

நடேசன் ஜெயித்த கையோடு ரத்தினம் தம் பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். நடேசன் காருக்குச் செய்த வேலையெல்லாம் இதற்கும் வேண்டும். இந்த இன்ஜின் அதைத் தாங்காது, வேகமும் ஏறாது என்று எடுத்துச் சொன்னேன். வேகம் யாருக்கு வேண்டும் என்று என்னையே திருப்பிக் கேட்டார். பின்னே என்னதான் வேண்டும் என்றேன். "புகைக் குழாய ஓட்ட போட்டு விடுங்கண்ணே. நான் மெதுவா வந்தாலும் தெருவுல நிக்கிறவன் பயந்து ஒதுங்கணும்."

மஞ்சள் காமாலை

நடேசன் எந்த வளைவிலும் சாகவில்லை. மஞ்சள் காமாலையில் படுத்தார். கம்பத்திலிருந்து கீழாநெல்லிச் சாறு வந்தது, மந்திரித்த தண்ணீர் வந்தது, கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்கும் போனார். நான் போய்ப் பார்த்தபோது கண் மஞ்சளாக இருந்தது. பேச்சு மெல்ல வந்தது. காரை வாரத்துக்கு ஒரு தரம் கிளப்பி வை, இல்லாவிட்டால் பிரேக் இறுகிவிடும் என்றார். கிளப்பிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன். சிரித்தார். அவ்வளவுதான் நாங்கள் பேசியது. அவர் இறந்த செய்தி வந்த அன்று பட்டறையை அடைத்துவிட்டு, அந்தப் பச்சைக் காருக்குள் உட்கார்ந்து அழுதேன். அவரைப் போல ஒரு நண்பன் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

சடங்கு முடிந்து பட்டறையைத் திறந்தால் முதல் ஆளாக ரத்தினம். எப்படி நடந்தது என்று கேட்டார். சொன்னேன். அவர் முகத்தில் வருத்தம் இல்லை, ஏமாற்றம்தான் இருந்தது. காஜா பெராங்கின் ஒரே பந்தயக்காரர், காய்ச்சல்காரனைப் போலக் கட்டிலில் படுத்துச் சாவதாவது! ஊர் மானம் என்னாவது? கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு என் தோளில் கை வைத்து, ரகசியமாக, என்னை மன்னிப்பவர் போலச் சொன்னார்: "காமாலைன்னு வெளிய சொல்லிக்கிறீங்க, சரி. எனக்கு மட்டும் சொல்லுங்க, பிரேக்கு போயிருச்சுதானே?"

பழி

ஒரு வாரத்தில் விபத்து முழுசாகத் தயாராகிவிட்டது. ஜொகூர் வளைவு, மழை, பிடிக்காத பிரேக், அப்பளமாக நொறுங்கிய கார். பார்த்தவர்களே ஏழெட்டுப் பேர் கிளம்பிவிட்டார்கள். அந்த மாதம் ஜொகூரில் பந்தயமே கிடையாது என்பது யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. பிரேக் போனதென்றால் பிரேக் பார்த்தவன் யார்? நான். என்னிடம் வந்துகொண்டிருந்த கார்களெல்லாம் என் வாசல் வழியாகவே தெங்கேராவில் இருந்த வேறொரு பட்டறைக்குப் போயின. போகும்போது மறக்காமல் ஹாரன் அடித்தார்கள். கழுவுவதற்குக்கூட ஒரு வண்டி இல்லாமல் குப்புசாமி தன் சைக்கிளையே மறுபடி மறுபடி பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தான். பட்டறையை மூடுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கார் ஒரு கீறல் இல்லாமல் என் பட்டறையின் பின்கட்டில் நிற்கிறது. அதை வாசலில் நிறுத்திக் காட்டிவிட்டால் வாயடைத்துவிடலாம். நடேசனின் மனைவி பாக்கியத்திடம் உத்தரவு கேட்கப் போனேன். மலாய்ப் பெண்கள் உடுத்தும் சாரோங் கெபாயாவில், வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருந்தார். ஊர்க் கதை அவர் காதுக்கும் வந்திருந்தது. அண்ணனைக் குறிக்கும் 'அபாங்' நீங்கலாக, அவர் மலாயில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "அபாங் வேலு, ஆஸ்பத்திரிக் கட்டில்ல அவர் பட்டதை நான் பாத்தேன். எனக்கும் அந்த ஜொகூர் வளைவுதான் பிடிச்சிருக்கு. ஆனா உங்க வீட்லயும் அடுப்பு எரியணும். காடிய வெளிய நிறுத்துங்க."

கண்காட்சி

நிறுத்தினேன். குப்புசாமி துடைத்த துடைப்பில் பச்சைப் பெயின்டில் முகம் பார்க்கலாம். கூட்டம் கூடியது. நான் நடுவில் நின்று, கோவில் மேடையில் பேசுகிறவனைப் போலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இது மோதவே இல்லை, நொறுங்கவே இல்லை, அவர் காமாலையில் போனார், வந்து தடவிப் பாருங்கள் என்றேன். தடவினார்கள். குனிந்து அடிப்பாகத்தைப் பார்த்தார்கள். கதவைத் திறந்து மூடினார்கள். விபத்தைக் கண்ணால் பார்த்த ஏழெட்டுப் பேரும் வந்திருந்தார்கள், அவர்களும் தடவினார்கள்.

ரத்தினம் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். முன் மட்காட்டில் விரலை ஓட்டினார். விளக்கைத் தட்டினார். ஒருவழியாக உண்மை உறைத்துவிட்டது என்று எனக்கு நெஞ்சு லேசானது. அவர் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கூட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "அப்பளமா நொறுங்கின காடிண்ணே! ஒட்டுன இடம் தெரியாம இப்படி ஆக்கியிருக்கீங்களே, இந்தக் கை எந்த ஊருல இருக்கு? நாளைக்கே என் காடியக் கொண்டாந்து விடுறேன்லா!"

மறுநாள் அவர் மட்டுமல்ல, தெங்கேரா பக்கம் போனவர்கள் எல்லாரும் நசுங்கிய மட்காட்டோடு வாசலில் வரிசை கட்டினார்கள். என் நண்பனுக்கு நடக்காத விபத்தும் அதில் நான் செய்யாத ரிப்பேரும்தான் அன்றிலிருந்து என் வீட்டில் உலை கொதிக்க வைத்தன.