குறைந்தது யார் என்று கேட்டவர்

தவமணி அக்காவுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று எனக்கு முதலில் சொன்னது அவருடைய மகன். அக்காவும் நானும் கல்லடியில் இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் குடியிருந்தோம். மகன் நிரோஜனோ அகதித் தஞ்சம் கேட்டுப் போன நாட்டில், குடிவரவுத் தடுப்பு முகாம் ஒன்றில் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிறான். அன்று காலை தெரியாத இலக்கமொன்றிலிருந்து அழைப்பு வந்தது. "அன்ரி, அம்மா என்னோட கதைச்சிக்கிட்டு இருந்தவ. இடையில சத்தமில்லாமப் போயிற்று. இது பக்கத்துக் கட்டில் பொடியன்ட போன். ஒருக்கா ஓடிப் போய்ப் பாருங்க."

நான் ஓடினேன். அக்கா குசினி வாசலில் சுவரோடு சாய்ந்திருந்தார். மடியில் கிடந்த கைப்பேசிக்குள்ளிருந்து "அம்மா, அம்மா" என்று அவன் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அதை எடுத்து, அக்கா போய்விட்டார் என்று நான்தான் அவனிடம் சொன்னேன். அந்தப் பக்கம் யாரோ அவனைப் பிடித்து இருத்துவது கேட்டது.

அக்காவின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டபோது மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னேன். வாழைச்சேனையிலிருந்து நிரோஜன் புறப்பட்ட அதே படகில்தான் என் தம்பி சுதனும் போனான். சுதன் இன்று வெளியே, வேலைக்குப் போகிறான், ஞாயிறு தோறும் சமைத்த கறியைப் படம் பிடித்து அனுப்புகிறான். நிரோஜன் உள்ளே. இதில் நான் செய்த குற்றம் ஒன்றுமில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் தெரியும். தெரிந்தும் என்ன, அக்காவின் படத்துக்கு முன்னால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை.

அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவருடைய வாய் தெரியும். பிரதேச செயலகத்தில் புள்ளிவிபர உத்தியோகத்தர் அவர், பக்கத்து மேசை நான். "நீ தமிழில அழுவாய், இங்கிலீசில அறிக்கை எழுதுவாய்" என்று என்னைக் கேலி செய்வார். மேலே மாவட்டக் கச்சேரியிலிருந்து யாராவது அவசரமாக விபரம் கேட்டால், "அவசரமெண்டா நீங்களே ஒரு நம்பரப் போடுங்க சேர், நான் சரியான நம்பரோட நாளைக்கு வாறன்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடுவார். தேநீர் மட்டும் அவருக்கு ஊற்ற வராது. சாயமா சுடுதண்ணீரா என்று கேட்டால் கோபம் வரும்.

அந்த நாட்டு அரசாங்கம் மாதந்தோறும் இணையத்தில் ஓர் அட்டவணை வெளியிடும். தடுப்பில் இருப்பவர்கள் எந்தெந்த நாட்டவர், ஆண் எத்தனை, பெண் எத்தனை, எவ்வளவு காலமாக உள்ளே இருக்கிறார்கள் என்றெல்லாம் அதில் இருக்கும். பெயர் இருக்காது. இலங்கை என்ற வரிசையில் ஓர் எண் இருக்கும். எங்கள் பிள்ளைகள், சுதன் உட்பட, அந்த எண்ணுக்குள் இருந்தார்கள்.

அப்போது முகாமில் கைப்பேசி வைத்திருக்க விடவில்லை. அவர்களுக்கு முறை வந்து, அவர்கள் எடுத்தால்தான் குரல் கேட்கலாம். எடுத்தாலும் சுகமாக இருக்கிறோம் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டார்கள். "அவனுகள் சொல்றது கிடக்கட்டும், கவுண்மேந்து என்ன சொல்லுது எண்டு பாருங்க டீச்சர்" என்று தாய்மார் அக்காவிடம் வருவார்கள். அவர் டீச்சர் இல்லை. கண்ணாடி போட்டு வாசிப்பவரெல்லாம் அவர்களுக்கு டீச்சர்தான். அட்டவணை வரும் மாலையில் அக்காவின் வீட்டு மண்டபத்தில் எல்லோரும் கூடுவோம். அக்கா எண்ணை வாசிப்பார். பெரும்பாலும் போன மாதத்து எண்ணாகவே இருக்கும். எழும்பிப் போவோம்.

ஒரு மாதம் ஒன்று குறைந்தது.

யாரோ ஒரு பிள்ளை வெளியே வந்துவிட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வேறு விதமாக நினைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை, அக்காவுக்கும்தான். தன் பிள்ளையாக இருக்குமோ என்று ஒவ்வொரு தாயும் மற்றவளின் முகத்தைப் பார்த்தாள். அது சுதனாக இருக்கவேண்டும் என்று நான் அம்மனைக் கேட்டேன். எந்தப் பிள்ளையென்றாலும் நம்ம பிள்ளைதானே என்று அக்காதான் முடிவு கட்டினார். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் முன்றலில் பொங்கினோம். பால் பொங்கி வழிந்தபோது நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டோம். பானையடியில் ஒட்டியதைக்கூட வழித்துச் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை அக்கா ஒரு வாளி பொங்கலோடு கந்தோருக்கு வந்தார். எங்கள் கந்தோரில் வேலை செய்த பாறூக் நானா காத்தான்குடிக்காரர். கையில் எடுத்த பிறகுதான் என்ன விசேஷம் என்று கேட்டார். அக்கா சொன்னார். நானா பொங்கலை மெதுவாக மேசையில் வைத்தார்.

"எங்கட ஊர்ப் பொடியன் ஒருத்தன் அங்க மவுத்தாகிட்டான் தங்கச்சி. ரிஸ்வான் எண்டு. காய்ச்சலெண்டு சொன்னாங்களாம். போன மாசக் கடைசியில."

"மாசம் முடியமுதலா, பிறகா நானா?"

"முடியமுதல்."

அட்டவணை மாதத்தின் கடைசி நாள் கணக்கு. குறைந்த அந்த ஒன்று ரிஸ்வான். அக்கா பொங்கல் வாளியை மூடி மேசைக்குக் கீழே தள்ளினார். காத்தான்குடியில் அந்த வீட்டில் இறந்தவனுக்குக் கத்தம் ஓதிக்கொண்டிருந்த நாட்களில், நேர் வீதியில் அரை மணித்தியாலத் தூரம்கூட இல்லாத கல்லடியில் நாங்கள் குரவை போட்டிருக்கிறோம்.

அன்று பின்னேரமே என்னையும் இழுத்துக்கொண்டு காத்தான்குடிக்குப் போனார். துக்கம் விசாரித்துவிட்டு வந்துவிடுவோம், பொங்கின கதை எதற்கு என்று பஸ்ஸில் கெஞ்சினேன். "சொல்லாம அந்த வீட்டுத் தேத்தண்ணியக் குடிக்க என்னால ஏலாது கா" என்றார். ரிஸ்வானின் உம்மா பாயில் இருந்தார். அக்கா அவருக்கு முன்னால் நிலத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னார். எண் குறைந்தது, நாங்கள் கூடியது, பொங்கியது, சாப்பிட்டது. அந்தத் தாய் அழவில்லை, ஏசவுமில்லை. கேட்டது ஒன்றுதான்: "அண்டைக்கு உங்களுக்காவது சந்தோசமா இருந்திச்சா மகள்?"

அந்த வீட்டுத் தேநீர் வந்தபோது அக்கா இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்.

திரும்பி வரும் வழியில் வாவிப் பக்கம் பார்த்தபடி இருந்தார். பாலத்துக்குக் கிட்ட வந்தபோது பேசினார். "சண்டைக் காலத்தில நம்மட முகாம்கள்ல இடம்பெயர்ந்த சனத்த எண்ணி எண்ணிக் கணக்கு அனுப்பினனான். குறைஞ்சா மேலிடத்துக்குச் சந்தோசம். நானும் சந்தோசமாத்தான் அனுப்பினன். அந்தச் சனம் எங்க போச்சு எண்டு ஒருநாளும் கேக்கல்ல. எண் குறைஞ்சா மேசைக்கு நல்ல செய்தி மனே. வீட்டுக்கு என்ன செய்தி எண்டு அந்த வீட்டுக்குப் போனாத்தான் தெரியும்."

அதன் பிறகு எண் குறைந்தால் அக்காவுக்கு நித்திரை இல்லை. "குறைஞ்சது ஆரு?" என்று கேட்டு, தெரிந்த வீடுகளுக்கெல்லாம் தொலைபேசி எடுப்பார். வாழைச்சேனைக்கு எடுப்பார், காத்தான்குடிக்கு எடுப்பார், அங்கிருந்து கிடைக்கும் இலக்கங்களைப் பிடித்து நீர்கொழும்புக்கும் மன்னாருக்கும் எடுப்பார். ஒருவன் விசாவோடு வெளியே வந்திருப்பான். ஒருவனை விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பியிருப்பார்கள். ஒருவனை வைத்தியசாலைக்கு மாற்றியிருப்பார்கள். ஆள் இன்னான் என்று தெரியும்வரை ஒருவரும் பொங்கக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். "இந்த மனிசிக்கு விசர்" என்று சில தாய்மார் முணுமுணுத்ததும் உண்டு. நானும் முணுமுணுத்திருக்கிறேன்.

பிறகு ஒரு மாதம் குறைந்தது என் தம்பி.

அட்டவணை வருவதற்கு முன்பே சுதன் எடுத்துச் சொல்லிவிட்டான். மறுநாள் கந்தோருக்குப் போனேன். அக்காவின் மேசைக்கு முன்னால் நின்றேன். உலகத்திலுள்ள எல்லோருக்கும் சொல்லலாம் போலிருந்தது, அவருக்கு மட்டும் முடியவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "சொல்லன் கா. உன்ட தம்பிதானே? இதையும் நான் ஊர் ஊராப் போன் எடுத்தா கண்டுபிடிக்கிற?" நான் அழுதேன். "தமிழில அழுறாய், நல்லம்" என்றார். வெள்ளிக்கிழமை அவரே பானை வைத்து, அவரே குரவை போட்டார். முதல் அகப்பைப் பொங்கலை என் கையில் போட்டார். அந்தப் பொங்கலை நான் எப்படி விழுங்கினேன் என்று எனக்குத் தெரியாது. தன் மகன் உள்ளே இருக்க, என் தம்பிக்குப் பொங்கிய கை அது.

பிறகு முகாமில் கைப்பேசி கொடுத்தார்கள். அக்கா காலையிலும் மாலையிலும் மகனோடு கதைத்தார். மற்றவர்களுக்காக அட்டவணை வாசிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. நெஞ்சு நோகிறது என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். நிரோஜனுடைய வழக்கு முடியட்டும் என்றார். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்த எனக்கு என்ன உரிமை என்று நினைத்துவிட்டேன். அது மரியாதையா கோழைத்தனமா என்று இப்போது யாரிடம் கேட்பது?

இறுதிக் கிரியையை நிரோஜன் கைப்பேசியில் பார்த்தான். பிடித்துக்கொண்டு நின்றது நான். "அன்ரி, அம்மாட முகத்துக்குக் கிட்டப் பிடிங்க" என்று கேட்டான். பிடித்தேன். கொள்ளி வைத்தது அக்காவின் அண்ணன் மகன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த கிழமையில் புதிய அட்டவணை வந்தது. தாய்மார் பழக்கதோஷத்தில் அக்காவின் வீட்டுக்குப் போய், பூட்டைக் கண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். நான் திறந்து வாசித்தேன். இலங்கை வரிசையில் ஒன்று குறைந்திருந்தது.

நிரோஜன்தான் என்று என் மனம் கத்தியது. தாய் இறந்ததை அறிந்து இரங்கி அவனை வெளியே விட்டிருப்பார்கள், நானும் இனி நிமிர்ந்து நிற்கலாம். உண்மையைச் சொன்னால், அவனுக்காக ஆசைப்பட்டதைவிட எனக்காக ஆசைப்பட்டதுதான் அதிகம். உடனே அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"இல்ல அன்ரி. நான் இங்கதான் இருக்கன்."

எனக்குப் பின்னால் நின்ற தாய்மாரிடம் இல்லையென்று தலையாட்டினேன். அவனே கேட்டான்: "எங்கட முகாமில ஒருத்தரும் போகல்ல. அப்ப குறைஞ்சது ஆரு அன்ரி?"

தவமணி அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது அந்தக் கேள்வியைத்தான். அதை அவருடைய மகன் அங்கே மற்ற முகாம்களில் விசாரிக்கிறான், நான் இங்கே வீடு வீடாகத் தொலைபேசி எடுக்கிறேன். இந்த மலர் உங்கள் கையில் கிடைக்கும்போது பதில் தெரிந்திருக்குமோ தெரியாது. ஆள் யாரென்று தெரியும்வரை எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் பானை ஏற்றமாட்டோம்.