ஊர் போய்ச் சேருகிற மருந்து

வண்டி வந்து நின்றதும் அரியமுத்து பானெட்டைத் திறப்பதில்லை. குந்தி உட்கார்ந்து முதலில் அடியில் பார்ப்பார். ரேடியேட்டரிலிருந்து பச்சை நிறக் கூலன்ட் சொட்டியிருந்தால் இரண்டு கை மணல் அள்ளிப் போட்டு மூடிவிட்டுத்தான் எழுந்திருப்பார். வண்டிக்காரர் வெயிலில் தவித்துக்கொண்டு நின்றாலும் மணல்தான் முதலில். "இது இனிக்கும்ங்க. நாய் நக்குனா மறுநா இருக்காது" என்பார். பக்கத்து வேப்பமரத்தடியில், பெயிண்ட் டப்பாவை அறுத்துச் செய்த தொட்டி ஒன்றில் தினமும் நல்ல தண்ணீர் நிறைந்திருக்கும். கோயில்காரர்கள் ஊற்றுகிறார்கள் என்று மூன்று வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் விடிந்தும் விடியாமல் கடைக்கு வந்தபோது அவர் குடத்தோடு நின்றார். என்னைப் பார்த்ததும், முகம் கழுவ வந்தவர் போல அந்தத் தண்ணீரிலேயே முகத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

சிறுவாச்சூரில் நெடுஞ்சாலையை விட்டுக் கோயிலுக்குத் திரும்புகிற இடத்தில் எலுமிச்சம்பழம், மஞ்சள், குங்குமம் விற்கிறேன். அடுத்தது அவருடைய ரேடியேட்டர் கடை. நடுவில் ஒரு தகரம். அம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். மற்ற நாளெல்லாம் தகரத்துக்கு அந்தப் பக்கம் அவர் பேசுவதைக் கேட்பதுதான் எனக்கு வேலை. அவர் அதிகம் பேசாதவர். அதனால் வேலையும் குறைவு.

அவர் கடைப் பலகையில் கைக்கு அடக்கமான பாட்டில்கள் வரிசையாக இருக்கும். ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே சுற்றிப் போய் ஓட்டை இருக்கிற இடத்தில் கட்டிப் பிடித்து ஒழுகலை நிறுத்துகிற மருந்து. அதை ஊற்றுமுன் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "எந்தூருங்க?" அரியலூர், பாடாலூர் என்றால் ஊற்றுவார். சென்னை என்றால் பாட்டில் பலகைக்கே திரும்பிப் போகும். ஊற்றிய பிறகு எல்லோருக்கும் ஒரே வாசகம்: "இது ஊர் போய்ச் சேர்றதுக்குத்தாங்க. போனதும் கழட்டிப் பத்த வச்சிருங்க."

யாரும் கழற்றி ஓட்டையில் ஈயம் வைத்துப் பற்றவைப்பதில்லை. ஒழுகல் நின்றுவிட்டதே, அப்புறம் எதற்கு? ஆறு மாதம் கழித்து, எஞ்சின் கொதித்து, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள்.

"அன்னிக்கு நல்லாத்தான அடச்சீங்க?"

"அடச்சதுதாங்க. தண்ணி போற வழி எல்லாத்தயும் அடச்சிருக்கு."

சொல்லும்போது சிரிக்க மாட்டார். கோபமும் இருக்காது.

லாரிக்காரர்கள் சிலர் என்னிடம் மஞ்சள்தூள் வாங்கிப் போய் ரேடியேட்டரில் கொட்டுவார்கள். அதுவும் ஒழுகலை அடைக்குமாம். அம்மனுக்கு வைக்கிற மஞ்சளை இப்படிச் செய்கிறார்களே என்று ஒருமுறை அவரிடம் வருத்தப்பட்டேன். "அம்மன் ஏத்துக்கும்க்கா. ரேடியேட்டருதான் ஏத்துக்காது" என்றார்.

இப்படிப்பட்டவரிடம் சித்திரை மாதத்தில் அவருடைய சம்பந்தி சின்னதுரை தன் காரோடு வந்தார். வரதராஜன்பேட்டைக்காரர். அரியமுத்துவின் மகள் வேணியை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறது. கார் வழியெல்லாம் ஒழுகியிருந்தது. அரியமுத்து மருந்து ஊற்றினார். தன் வாசகத்தைச் சம்பந்தியிடமும் சொன்னார்.

ஆடியில் அதே கார் மறுபடி வந்தது. சின்னதுரையோடு கூட லப்பைக்குடிக்காட்டு ஜபருல்லா என்பவர் இறங்கினார். பத்து வருடம் ஷார்ஜாவில் டிரைவர் வேலை பார்த்துவிட்டு, இனி பிள்ளைகளோடு இருக்கலாம் என்று திரும்பியவர். இந்தக் காரை வாங்கி வாடகைக்கு ஓட்டுவதாக இருந்தார். யாராவது நல்ல மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வாங்குகிறேன் என்று அவர் சொல்ல, "சிறுவாச்சூர்ல காட்டுவோம்" என்று சின்னதுரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தன் சம்பந்தி தன்னை விட்டுக்கொடுப்பாரா என்ற தைரியம்.

"பாத்துச் சொல்லுங்க சம்பந்தி. நீங்க சொன்னா பாய்க்கு அதுக்கு மேல ஒண்ணுமில்ல" என்று சின்னதுரை கண்ணையும் ஒருமுறை சிமிட்டினார்.

அரியமுத்து எஞ்சின் ஆறுகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தார். பிறகு ஈரச்சாக்கைப் போட்டு மூடியைத் திருகினார். விரலை உள்ளே விட்டு எடுத்தார். விரல் நுனியில் செம்புப் பொடி மினுமினுத்தது.

"என்னண்ணே இது, தங்கமா?" என்றார் ஜபருல்லா.

"மருந்துங்க பாய். ஒழுகல அடைக்கிறது."

"யாரு ஊத்துனது?"

"நாந்தான்."

சின்னதுரை மட்டும் சிரித்தார். "அதான் அடச்சாச்சுல்ல சம்பந்தி! சொட்டுகூட இல்லயே!"

"இப்ப இல்லீங்க" என்றார் அரியமுத்து. "ரேடியேட்டர மாத்தாம வாடகைக்கு ஓட்டுனா பாய் நடு ரோட்டுல நிப்பாரு. சவாரிக்கு வந்தவங்களும் நிப்பாங்க."

ஜபருல்லா காரை வாங்கவில்லை. அரியமுத்துவின் கையை இரண்டு கையாலும் பிடித்து விட்டுவிட்டு, திருச்சி ரோட்டில் பஸ் ஏறப் போய்விட்டார். சின்னதுரை காரில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார். "பொண்ணு குடுத்த வூட்டுக்கே குழி பறிக்கிறியாய்யா நீ?" அதுவரை அவர் சம்பந்தியை ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை.

வேணிக்கு அப்போது ஏழாம் மாதம். வளைகாப்புப் போட்டுத் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். நாள் கேட்டுப் போன் செய்தபோது, "எங்க வூட்டுப் புள்ளய நாங்களே பாத்துக்குவோம்" என்று சின்னதுரை வைத்துவிட்டார். அரியமுத்துவின் மனைவி பரிமளா என் கடையில் வந்து உட்கார்ந்து, தகரத்துக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி அழுதாள்.

"நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொன்னா இந்த மனுசன் வாயி வெந்தா போயிருக்கும்? இப்ப எம்பொண்ண யாருக்கா எனக்குக் காட்டுவா?"

அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது.

எனக்கும் மனசு ஆறவில்லை. அம்மனிடம் வேணி பேருக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்து வேண்டிக்கொண்டு வந்து, அவரிடம் சொல்லியும் பார்த்தேன். "பொய் சொல்ல வேணாம் தம்பி. பேசாமயாவது இருந்திருக்கலாம்ல?"

"பேசாமத்தான்க்கா இருப்பேன். பாய் கேட்டுப்புட்டாருல்ல" என்றார்.

போன வெள்ளிக்கிழமை. கூட்டம் தேர்க்கூட்டமாக இருந்த நேரத்தில் அவர் கடையைச் சாத்தினார். வெள்ளிக்கிழமை சாத்தி நான் பார்த்ததே இல்லை. வெளுத்த சட்டை. மொபெட்டின் முன்னால் ஒரு பையில் பழமும் பூவும் வளையல் டப்பாவும். பின்னால் சாக்கில் சுற்றி டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டிய புது ரேடியேட்டர். வளையல் பக்கத்தில் அதைப் பார்க்க எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"எந்த வண்டிக்கு தம்பி?"

"சம்பந்தி வண்டிக்குக்கா. விக்காம நிக்கிதாம்."

"ஜெயங்கொண்டம் தாண்டிப் போவணுமே, இதுலயேவா? அவரு வாசப்படி ஏற விடலன்னா?"

"வண்டி வாசல்லதான்க்கா நிக்கிது."

ரப்பரை இன்னொரு சுற்று இழுத்துக் கட்டினார். நான் ஒரு பொட்டலம் குங்குமம் மடித்துக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டார்.

"வேணிய அனுப்புறீங்களான்னு கேட்டுட்டு அப்பறமா மாட்டுங்க தம்பி" என்றேன்.

"அப்படிக் கேட்டா வெல பேசுன மாதிரி ஆயிரும்க்கா. மொதல்ல மாட்டிருவேன். பொறவுதான் வேணியக் கேப்பேன்" என்று வண்டியை உதைத்துக் கிளப்பினார். "இல்லன்னுட்டாங்கன்னா, கழட்டியார மாட்டேன்."