குடும்பத்துக்கு ஒரே ஐடி போதும் என்றார் அண்ணன்

இன்று காலை பிரவுசரில் 'விடு' என்று டைப் செய்தேன்.

'விடுமுறை' என்று நான் முடிப்பதற்குள் பிரவுசர் தானாகவே முடித்துவிட்டது: 'விடுதலைப் பத்திரம், தங்கை அண்ணனுக்கு எழுதிக் கொடுப்பது, மாதிரி.'

நான் தேடவில்லை. என் லேப்டாப்பை வேறு யாரும் தொடுவதும் இல்லை.

முன்கதை கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் அப்பா கட்டிய வீட்டில் நானும் அம்மாவும் இருக்கிறோம். எனக்கு வீட்டிலிருந்தே வேலை, ஒரு சின்ன கம்பெனியின் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது. அண்ணன் ஓசூரில். அப்பா போன பிறகு கேஸ் புக்கிங், கரண்ட் பில், அம்மாவின் பென்ஷன் என்று பாஸ்வேர்டெல்லாம் ஆளுக்கொரு மூலையில் கிடந்தது. அண்ணன் போன் போட்டுக் கேட்பார். சொல்வேன். மறுவாரம் மறுபடியும் கேட்பார்.

பிரவுசரில் சிங்க் என்று ஒரு வசதி உண்டு. ஒரு போனில் சேமித்த பாஸ்வேர்டு, புக்மார்க், தேடிய ஹிஸ்டரி எல்லாம் அதே ஐடி இருக்கிற மற்ற போன், லேப்டாப்புக்கும் போய்விடும். ஆனால் வழியில் எங்கோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி சர்வரில் தங்கும்.

(பூட்டித்தான் வைக்கிறார்கள். இருந்தாலும் அம்மாவின் பென்ஷன் எதற்குக் கடல் தாண்ட வேண்டும்?)

அதனால் வீட்டில் கிடந்த பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டு, சொந்தமாக ஒரு சிங்க் சர்வர் வைத்தேன். முதலில் டேட்டாபேஸ் சேர மாட்டேன் என்றது. அது சேர்ந்ததும் பாதுகாப்பு சர்டிபிகேட் இல்லாமல் பேச மாட்டேன் என்றது பிரவுசர். போனில் இன்னும் கூத்து. அபவுட் பக்கத்துக்குப் போய் லோகோவை விடாமல் தட்டிக்கொண்டே இருந்தால்தான், நம் சர்வர் முகவரியைப் போடுகிற மெனுவே கண்ணில் படும்.

(பக்கத்து வீட்டுக் கதவைக்கூட நான் அப்படித் தட்டியதில்லை.)

பொங்கலுக்கு அண்ணன் வந்திருந்தார்.

"ஆளுக்கொரு ஐடி போட்டுத் தாரேண்ணே. பொதுவா வேணுங்கிற பாஸ்வேர்டை மட்டும் எல்லாத்துலயும் ஏத்திடுறேன்."

"தனித்தனியா எதுக்கு? நாம என்ன தனிக்குடித்தனமா போறோம்? குடும்பத்துக்கு ஒரே ஐடி போதும், போடு."

அம்மாவும் சேர்ந்துகொண்டார். "அவன் சொல்றது சரிதான ஆத்தா. பிரிச்சுப் பேசாத."

ஒரே ஐடியைப் பல பேர் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஆபீஸில் எல்லோருக்கும் பாடம் எடுக்கிறவள் நான். ஆனால் எங்கள் வீட்டில் 'தனி' என்பது கெட்ட வார்த்தை. ஒரே ஐடி போட்டேன். பாஸ்வேர்டோடு ஹிஸ்டரியும் எல்லாருக்கும் போகும் என்று அண்ணனிடம் சொல்லவும் செய்தேன். அவர் அப்போது கரும்பு தின்றுகொண்டிருந்தார்.

இன்று காலை அந்த ஹிஸ்டரியைத் திறந்து பார்த்தேன்.

'தங்கை கையெழுத்து போட மறுத்தால்.'

'ஒரு வாரிசு இல்லாமல் பட்டா மாற்றம்.'

'புதுக்கோட்டை லேடீஸ் ஹாஸ்டல், சாப்பாட்டுடன்.'

(சாப்பாட்டுடன். பாசக்கார அண்ணன்.)

தெரியாதவர்களுக்கு: விடுதலைப் பத்திரம் என்றால், அப்பா சொத்தில் என் பங்கு எனக்கு வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுப்பது. கொடுத்துவிட்டால் இந்த வீட்டில் எனக்கு எந்த உரிமையும் கிடையாது. பேரில் மட்டும்தான் விடுதலை.

எனக்கு ஆத்திரத்தைவிட அவமானமாகத்தான் இருந்தது. வீடியோவில் சட்டம் சொல்கிற வக்கீல்கள் எல்லாரையும் கேட்டவருக்கு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

ஒரு புக்மார்க் போட்டேன். அதற்கு நான் வைத்த தலைப்பு: "கையெழுத்து வேணும்னா நேர்ல கேளுங்கண்ணே."

யார் எப்போது வந்து எதை எடுத்தார்கள் என்று காட்டுகிற சர்வர் லாகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஓசூரிலிருந்து அண்ணனின் போன் சர்வருக்குள் வந்து அந்த புக்மார்க்கை எடுத்துக்கொண்டு போனது.

(என் சர்வர் ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

போன் வந்தது. எனக்கு அல்ல, அம்மாவுக்கு. அம்மா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"அம்மா, அவ என் போனை வேவு பாக்குறாம்மா. கூடப் பொறந்தவ செய்யிற வேலையா இது?"

"ஒரே ஐடி போடச் சொன்னது நீங்கதானண்ணே," என்றேன்.

"பாஸ்வேர்டு பாக்கத்தான் போடச் சொன்னேன். நான் என்னத்த தேடுறேன்னு பாக்கவா சொன்னேன்?"

"அதுவா வந்து நின்னுச்சு. எதுக்குத் தேடுனீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

அண்ணன் குரலைத் தணித்துக்கொண்டார்.

"சும்மா தெரிஞ்சு வச்சுக்கலாம்னு பாத்தேன். மொதல்ல எனக்குத் தனி ஐடி போட்டுக் குடு."

வைத்துவிட்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். எனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று நிஜமாகவே நினைத்தேன்.

"அவன் போனுக்குள்ள ஒனக்கு என்னத்தா வேல?"

"அம்மா, அவரு என் பங்கை எழுதி வாங்கப் பாக்குறாரும்மா."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியும். பொங்கலுக்கு வந்தப்பவே கேட்டுட்டான். நாந்தான் பக்குவமா சொல்லிக்கலாம்னு இருந்தேன். ஒரு கையெழுத்துதான ஆத்தா. போட்டுக் குடுத்துட்டு நிம்மதியா இரு."

"எங்கம்மா இருக்கிறது?"

"குக்கர் வச்சேனே, எத்தன விசில் வந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார்.

பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அடுப்பில் எதுவும் இல்லை.

அண்ணன் என் நட்பு வட்டத்தில்தான் இருக்கிறார், இந்தப் பதிவைப் படிப்பார். இனிமேல் எங்கிட்டும் தேட வேண்டாம் அண்ணே. நான் கையெழுத்துப் போட மாட்டேன்.