கர்த்தர் சொல்லாத வார்த்தை

பேராதனை ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்காக ஜெபிக்கப் போகும் சபைக் குழுவில் நானும் ஒருத்தி. அங்கேதான் கெலிஓயாவில் தையல் வேலை செய்யும் செல்வியையும், ரத்தப் புற்றுநோயோடு படுத்திருந்த அவளுடைய ஒன்பது வயது மகளையும் சந்தித்தேன். செல்வியின் அழுகையைத் தாங்க முடியாமல், "புள்ளைக்குக் கட்டாயம் சுகமாகும். கர்த்தர் எனக்குச் சொல்லிட்டார்" என்றேன்.

அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

மூன்று வாரத்தில் பிள்ளை இறந்துபோனாள். அடக்கத்துக்குப் போக எனக்குத் துணிவு வரவில்லை.

ஒரு மாதம் கழித்து செல்வியின் வீட்டுக்குப் போனேன். "அக்கா, நீங்க சொன்னத நம்பி, ஸ்கூலுக்குப் போட அவளுக்குப் புதுச் சப்பாத்து வாங்கி வச்சிருந்தேன்" என்றாள்.

"கர்த்தர் சொல்லல செல்வி. நானாத்தான் சொன்னேன். என்னை மன்னிச்சிரு."

மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. "ஜெபம் பண்ணுங்க. ஆனா எதையும் கேட்காதீங்க" என்றாள்.

கேட்காமல் ஜெபிக்க எனக்குத் தெரியவில்லை. "கர்த்தரே" என்று மட்டும் சொல்லி அழுதேன். அவளும் அழுதாள். கிளம்பும்போது, "அடுத்த கிழமையும் வாங்க" என்றாள்.

இன்றும் வாரந்தோறும் போய்க்கொண்டிருக்கிறேன். அவள் துக்கம் குறையவில்லை. என் குற்றவுணர்வும் தீரவில்லை. ஆண்டவர் எங்களை விட்டுப் போகவில்லை என்று மட்டும் நம்புகிறேன். சில நாட்களில் அதை நம்புவதற்கே பெரும்பாடு படவேண்டியிருக்கிறது.