இராசுவின் கை நடுங்கவில்லை

"என்ரை கை நடுங்குதெண்டு மாஸ்ரர் ஊரெல்லாம் கதைச்சுப்போட்டார், மிஸி. சந்தைச் சனம் என்ரை கதிரையில இருக்கப் பயப்பிடுது."

சொன்னவர் இராசு. சாவகச்சேரியில் சலூன் வைத்திருந்தவர். எண்பதுகளின் நடுவில், எங்கள் சிறிய ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் அறை தாதியான என் பொறுப்பில் இருந்தது. இராசுவுக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் நடராசா மாஸ்ரர், மூக்கோரக் கன்னத்துப் புண்ணில் பஞ்சை ஒட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி இருந்தார்.

அந்தப் புண்ணுக்கு நான் பலமுறை மருந்து போட்டிருக்கிறேன். சவரம் செய்யும்போது இராசுவின் கத்தி வெட்டிவிட்டது என்று அவர் சொல்வார். நானும் கழுவிக் களிம்பு பூசி, "ஆளை மாத்துங்கோ மாஸ்ரர்" என்று புத்தியும் சொல்லி அனுப்புவேன். மனிதர் அதைக் கேட்டு மூன்று சலூன் ஏறி இறங்கியும் புண் அப்படியே இருந்தது.

"நான் வெட்டினதெண்டே வைப்பம். கத்தி வெட்டு ஒரு கிழமையில காயும். இது தைப்பொங்கலுக்கு முதலே இருந்தது, இப்ப சித்திரையும் பிறந்திட்டுது. நான் கத்தி எடுக்கமுதல், முகம் துடைக்கிற துவாய் பட்டாலே இரத்தம் கசியும்" என்றார் இராசு.

மாஸ்ரரை யன்னல் வெளிச்சத்தில் இருத்திப் பார்த்தேன். நடுவில் சின்னக் குழி. சுற்றிவர விளிம்பு தடித்து, மினுமினுத்து, அதில் கரும்புள்ளிகள்.

"நோகுதோ?"

"ஒரு நோவும் இல்லைப் பிள்ளை."

இவ்வளவு நாளும் புண்ணைத் துடைத்தேனே தவிர, எத்தனை கிழமையாக இருக்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

எங்கள் டொக்டர் அவரை யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே புண்ணில் ஒரு துண்டெடுத்துச் சோதித்ததில் தோல் புற்றுநோய் என்று வந்தது, பேசல் செல் வகை. முடிவைக் கேட்ட மாஸ்ரர் மெல்லிய குரலில், "எனக்கு இன்னும் எத்தினை மாதம், டொக்டர்?" என்றார்.

"மாதமில்லை மாஸ்ரர், புண்ணை எடுத்துத் தையல் வெட்ட ஒரு கிழமை. எங்கடை நிறத்துக்கு இது குறைவு, ஆனா வராதெண்டில்லை. மெல்ல மெல்லத்தான் வளரும், வேற இடத்துக்குப் பரவுறது அரிது. விட்டா மூக்கை அரிச்சுப்போடும். முழுசா வெட்டி எடுத்தாச் சரி."

வெட்டி எடுத்தார்கள். காயம் ஆறியதும் மாஸ்ரர் நேரே இராசுவின் சலூனுக்குப் போய், சந்தைச் சனம் பார்க்கும்படி வாசலோரக் கதிரையில் உட்கார்ந்தாராம்.

"என்ரை கை நடுங்கும், மாஸ்ரர்."

"நடுங்கட்டும். நீ முகத்தை வழி."

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நாலு கிழமை, ஒரு மாதம் ஆகியும் ஆறாத புண், தொட்டால் கசிகிற புண், நோகாவிட்டாலும் டொக்டரிடம் காட்டுங்கள். யார் வெட்டினது என்று கேட்பதற்கு முதல், எப்போதிலிருந்து என்று கேளுங்கள். அதை எனக்குச் சொல்லித் தந்தவர் இராசு.